டெர்மினலில் கணினியின் விவரங்களைப் பார்ப்பது: எந்தக் கட்டளை, எந்த வரி, எதை நம்பலாம்

டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் ஜன்னலில், ஒரு கணினியில் என்ன பிராசஸர், எவ்வளவு ராம், டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று கேட்டால் ஏழெட்டுக் கட்டளைகளில் பதில் வந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். வந்த பதிலில் எந்த வரியைப் பார்ப்பது, அந்த எண்ணைச் சொன்னது யார் என்று தெரியாவிட்டால் நல்ல மெஷினைக் கெட்டுவிட்டது என்றும், சாகக் கிடக்கும் டிஸ்க்கை நலம் என்றும் முடிவு கட்டிவிடுவோம்.

யார் சொன்னது என்பது முக்கியம். சில கட்டளைகள் கெர்னல் (வன்பொருளை நேரடியாக ஆளும் சிஸ்டத்தின் மைய நிரல்) இந்த நொடியில் காண்பதைச் சொல்கின்றன. சில, மதர்போர்டு தயாரித்தவர் பயாஸில் (கணினியைத் தொடக்கும், போர்டிலேயே பதிந்த நிரலில்) எழுதி வைத்ததை அப்படியே வாசிக்கின்றன. இன்னும் சில, டிஸ்க்குக்குள் இருக்கும் கன்ட்ரோலரையே நேராகக் கேட்கின்றன. மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒத்துப்போகாத இடத்தைத்தான் முதலில் நோண்ட வேண்டும்.

இங்கே பெரும்பகுதி லினக்ஸுக்கு. விண்டோஸும் மேக்கும் பின்னால் வருகின்றன. கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறது. தட்டும்போது எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லப்படும். ‘எல்எஸ்சிபியூ’ என்பது ஐந்து எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது. ‘ஃப்ரீ’, ‘அப்டைம்’ போலச் சொல்லாக வருபவற்றை அந்தச் சொல்லின் எழுத்துக்கூட்டலில் தட்டவும். பி, டி இரண்டுக்கும் ஆங்கிலத்தில் இரண்டிரண்டு எழுத்து உண்டு என்பதால், குழப்பம் வரும் இடத்தில் எதன் சுருக்கம் என்பதும் கூடவே வரும். ‘சூடோ’ என்று தொடங்குபவை நிர்வாகி உரிமையோடு ஓடுபவை, உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும். தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அது இயல்புதான்.

எந்த சிஸ்டம், எந்த கெர்னல்

‘யூநேம் -ஆர்’ என்று கொடுத்தால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்பு எண் வரும். ‘யூநேம் -எம்’ பிராசஸரின் வகையைச் சொல்லும்: எக்ஸ்86_64 என்றால் இன்டெல் அல்லது ஏஎம்டி 64 பிட், ஏஆர்ச்64 என்றால் ஆர்ம் 64 பிட். ஒரு மென்பொருளைத் தரவிறக்கும் பக்கத்தில் பல கோப்புகள் வரிசையாக நின்றால், எதை எடுப்பது என்பதை இந்த ஒரு வரிதான் முடிவு செய்யும்.

லினக்ஸின் எந்த விநியோகம், உபுண்டுவா, ஃபெடோராவா, டெபியனா என்பதை யூநேம் சொல்லாது. அதற்கு ‘கேட் /இடிசி/ஓஎஸ்-ரிலீஸ்’ என்று கொடுக்க வேண்டும். இடிசி என்பது எட்செட்ரா என்பதன் சுருக்கம். இந்தக் கோப்பு இப்போதைய விநியோகங்கள் எல்லாவற்றிலும் அநேகமாக உண்டு, தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

இதில் இரண்டு இடங்களில் ஏமாறலாம். கெர்னலைப் புதுப்பித்த பிறகு மறுதொடக்கம் செய்யாமல் விட்டிருந்தால், நிறுவப்பட்டிருப்பது புதியதாகவும் ஓடிக்கொண்டிருப்பது பழையதாகவும் இருக்கும். யூநேம் பழையதைத்தான் காட்டும். ஒரு டிரைவரை நிறுவும்போது கெர்னல் ஹெடர் (டிரைவரைக் கட்டத் தேவையான கோப்புகள்) கிடைக்கவில்லை என்று பிழை வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். இரண்டாவது, கன்டெய்னர்: ஹோஸ்ட் மெஷினின் கெர்னலைப் பகிர்ந்துகொண்டு தனியாக ஓடும் பெட்டி. டாக்கர் அதற்கான ஒரு கருவி. டாக்கருக்குள் நின்று கேட்டால் ஓஎஸ்-ரிலீஸ் கன்டெய்னருடையது, கெர்னல் எண் அதைத் தாங்கும் ஹோஸ்ட் மெஷினுடையது. இரண்டும் பொருந்தாமல் தெரிவது பிழை இல்லை.

எங்கே நிற்கிறோம் என்பதே சந்தேகமானால் ‘சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்’ என்று கேளுங்கள். கேவிஎம், விஎம்வேர், டாக்கர் என்று பெயர் வந்தால் நீங்கள் இருப்பது மெய்நிகர் சூழலில். நன் (எதுவுமில்லை என்ற ஆங்கிலச் சொல்) என்று வந்தால் நேரடி வன்பொருளில். வாடகை சர்வர்களில் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. மெய்நிகர் மெஷினுக்குள் இருந்துகொண்டு டிஸ்க்கின் ஆயுளையும் பிராசஸரின் வெப்பத்தையும் தேடுவது வீண் வேலை. அங்கே தெரிவதெல்லாம் ஹைபர்வைசர் (மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) காட்ட விரும்பியது மட்டும்தான்.

பிராசஸர்

‘எல்எஸ்சிபியூ’ நீளமாக எதையெதையோ கொட்டும். முதலில் மாடல் நேம் என்ற வரி. அடுத்து மூன்று எண்கள்: த்ரெட்ஸ் பெர் கோர், கோர்ஸ் பெர் சாக்கெட், சாக்கெட்ஸ். சாக்கெட் என்பது சிப் உட்காரும் இடம், கோர் என்பது சிப்புக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி, த்ரெட் என்பது ஒரு கோர் ஒரே நேரத்தில் கையாளும் வேலை இழை. மூன்றையும் பெருக்கினால் மேலே சிபியூஸ் என்று இருக்கும் எண் வரவேண்டும். சிபியூஸ் 16 என்று பார்த்ததும் 16 கோர் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது 8 கோரும் கோருக்கு 2 த்ரெட்டும் சேர்ந்த கணக்கு.

இன்டெல்லின் 12-ஆம் தலைமுறை முதல் இந்தப் பெருக்கல் எல்லா இடத்திலும் ஒத்துவராது. அவற்றில் பலவற்றில் வேகமான கோர்களும் சிக்கனமான கோர்களும் கலந்திருக்கும். பொதுவாக வேகமானவற்றுக்கு இரண்டு த்ரெட், சிக்கனமானவற்றுக்கு ஒன்றுதான். ஐ7-12700-ஐ எடுத்துக்கொண்டால் 8 வேகக் கோர், 4 சிக்கனக் கோர், மொத்தம் 12 கோரும் 20 த்ரெட்டும். இப்படிப்பட்ட சிப்பில் ‘எல்எஸ்சிபியூ -இ’ கொடுத்தால் ஒவ்வொரு த்ரெட்டும் தனி வரியாக, அதன் உச்ச வேகத்தோடு வரும். உச்ச வேகம் குறைவாக இருக்கும் கூட்டம் சிக்கனக் கோர்கள்.

மெகாஹெர்ட்ஸ் எண் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சும்மா இருக்கும் கணினியில் அது 800-க்குப் பக்கத்தில் நின்றால் பயப்பட ஒன்றும் இல்லை, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது. கனமான வேலை ஓடும்போதும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தால்தான் கவனிக்க வேண்டும். வேலையை ஓடவிட்டு, இன்னொரு ஜன்னலில் ‘கிரெப் -ஐ எம்எச்இசட் /பிராக்/சிபியூஇன்ஃபோ’ என்று நாலைந்து முறை கேட்டுப் பாருங்கள். பிராக் என்பது பிராசஸ் என்ற சொல்லின் முதல் நான்கு எழுத்து. கூடவே ‘சென்சார்ஸ்’ என்ற கட்டளையில் வெப்பத்தையும் பாருங்கள்; எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி, ஒருமுறை ‘சூடோ சென்சார்ஸ்-டிடெக்ட்’ ஓட்டியிருக்க வேண்டும். வெப்பம் உச்ச வரம்பைத் தொட்டு வேகம் சரிந்தால் விசிறி, தூசு, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட். வெப்பம் குறைவாக இருந்தும் வேகம் ஏறவில்லை என்றால் மின்சேமிப்பு அமைப்பையோ, மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரின் வாட் அளவையோ பாருங்கள். வாட் குறைந்த சார்ஜரைச் செருகினால் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் மடிக்கணினிகள் நிறைய உண்டு.

லோடு என்ற மூன்று எண்கள்

‘அப்டைம்’ என்று கொடுத்தால் கணினி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதோடு, கடைசியில் லோடு ஆவரேஜ் என்று மூன்று எண்கள் வரும். கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரி அவை. இவை சதவீதம் இல்லை. பிராசஸரில் ஓடிக்கொண்டிருப்பவை, ஓட இடம் கேட்டு வரிசையில் நிற்பவை இரண்டும் சேர்ந்த தலை எண்ணிக்கை. 4.0 என்ற எண் 4 த்ரெட் உள்ள கணினியில் நிறைவு. 16 த்ரெட் உள்ளதில் கால்வாசி. ஒற்றை கோர் சர்வரில் திணறல். எத்தனை த்ரெட் என்பதை ‘என்பிராக்’ என்ற கட்டளை ஒரே எண்ணாகச் சொல்லும். அதையும் சேர்த்துப் பார்க்காமல் லோடைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

லினக்ஸ் இந்தக் கணக்கில் இன்னொரு கூட்டத்தையும் சேர்த்துக்கொள்கிறது: டிஸ்க்கிலிருந்தோ நெட்வொர்க் டிரைவிலிருந்தோ பதில் வரும்வரை குறுக்கிட முடியாமல் உறங்கிக் கிடக்கும் பிராசஸ்கள் (ஓட்டத்தில் இருக்கும் நிரல்கள்). அதனால்தான் லோடு 30 என்று நிற்கும்போது பிராசஸர் கிட்டத்தட்ட வெறுமையாக இருப்பதும் நடக்கிறது. கழன்றுபோன நெட்வொர்க் டிரைவ் ஒன்றும், அதைத் தொட முயன்று மாட்டிக்கொண்ட 30 பிராசஸ்களும் போதும். ‘டாப்’ திறந்து எஸ் என்று தலைப்பிட்ட நிலைப் பத்தியை (மேலிருந்து கீழாக வரும் வரிசையை) பாருங்கள். ஆர் என்று நிறைய இருந்தால் பிராசஸர் போதவில்லை. டிஸ்க்கின் முதலெழுத்தான பெரிய டி நிறைய இருந்தால் சேமிப்பகத்தில் கோளாறு. அந்த இடத்தில் பிராசஸரை மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

மூன்று எண்களின் வரிசையும் பேசும். 8, 3, 1 என்று இருந்தால் நெருக்கடி இப்போதுதான் தொடங்குகிறது. 1, 3, 8 என்றால் ஓய்ந்துகொண்டிருக்கிறது.

நினைவகம்: ‘ஃப்ரீ’ என்ற பத்தியை நம்பாதீர்கள்

அடிக்கடி தவறாக வாசிக்கப்படும் வெளியீடு இது. ‘ஃப்ரீ -எச்’ கொடுங்கள். 8 ஜிபி ராம் உள்ள கணினியில் இப்படி வரலாம்: டோட்டல் 7.6, யூஸ்டு 3.1, ஃப்ரீ 0.3, பஃப்/கேச் 4.2, அவைலபிள் 4.1.

ஃப்ரீ 0.3 என்றதும் ராம் தீர்ந்துவிட்டது என்று முடிவு செய்வது வழக்கமான பிழை. சும்மா கிடக்கும் ராமை வைத்துக்கொண்டு கெர்னலுக்கு ஒரு பயனும் இல்லை. ஆகவே டிஸ்க்கிலிருந்து படித்த கோப்புகளை அங்கே தேக்கி வைக்கிறது. ஒரு நிரல் இடம் கேட்டால் தேக்கியதைத் தூக்கி எறிந்துவிட்டு உடனே கொடுத்துவிடும். புதிதாகக் கேட்கும் நிரலுக்கு ஸ்வாப்பை (ராம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடத்தை) தொடாமல் எவ்வளவு கிடைக்கும் என்ற கெர்னலின் மதிப்பீடுதான் அவைலபிள். 2014-இல் வந்த 3.14 கெர்னலிலிருந்து இது இருக்கிறது. பார்க்க வேண்டியது இந்தப் பத்தி ஒன்றைத்தான். யூஸ்டு என்பதைக் கணக்கிடும் முறை அந்தக் கருவியின் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது, எனவே இரண்டு மெஷின்களின் யூஸ்டு எண்களை அருகருகே வைத்து ஒப்பிடாதீர்கள்.

ஃப்ரீயையும் கேச்சையும் கூட்டினால் 4.5 வருகிறதே, அவைலபிள் ஏன் 4.1 என்று கேட்கலாம். கேச் எல்லாவற்றையும் தூக்கி எறிய முடியாது. டிஎம்பிஎஃப்எஸ் எனப்படும் ராமிலேயே வாழும் கோப்புகளும், நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகமும் அதே பத்தியில்தான் கணக்காகின்றன. ஷேர்டு என்ற பத்தி திடீரென்று பெருத்திருந்தால், யாரோ தற்காலிகக் கோப்புறையில் பெரிய கோப்பைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

டோட்டல் 8 இல்லாமல் 7.6 ஆக இருப்பதற்குக் காரணம், கெர்னலும் ஃபர்ம்வேரும் தங்களுக்கென்று கொஞ்சம் ஒதுக்கிக்கொள்வது. பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால் அதுவும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். சில கணினிகளில் இந்தப் பங்கு 2 ஜிபி வரைகூடப் போகும். பயாஸில் குறைக்க முடியும். ஆனால் 16 ஜிபி போட்ட இடத்தில் 7.6 என்று வந்தால் அது ஒதுக்கீடு இல்லை, ஒரு ராம் குச்சி அடையாளம் தெரியவில்லை.

அங்கேதான் பயாஸைக் கேட்க வேண்டும். ‘சூடோ டிஎம்ஐடிகோட் -டி மெமரி’. டிஎம்ஐ எழுத்துகளுக்குப் பின் டிகோட் என்ற சொல். -டி என்பது டைப்பின் முதலெழுத்து. ராம் குச்சி செருகும் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் சில வரிகள் கொண்ட ஒரு தொகுதி வரும். காலி ஸ்லாட்டில் சைஸ் என்ற இடத்தில் நோ மாட்யூல் இன்ஸ்டால்டு என்று இருக்கும். குச்சி செருகியிருக்கும் ஸ்லாட்டிலும் அப்படியே வந்தால் அணைத்து, கழற்றி, தங்கநிறப் பற்களைத் துடைத்து, கிளிப் சத்தம் கேட்கும்வரை அழுத்திச் செருகுங்கள். பலமுறை இதோடு முடிந்துவிடும். இதே வெளியீட்டில் ஸ்பீடு, கான்ஃபிகர்டு மெமரி ஸ்பீடு என்று இரண்டு வரிகள் இருக்கும். முன்னது குச்சியின் தகுதி, பின்னது இப்போது ஓடும் வேகம். 3200 வேகக் குச்சி 2133-இலோ 2400-இலோ ஓடினால் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பை இயக்கவில்லை என்று பொருள், அல்லது அதைவிட மெதுவான இன்னொரு குச்சி பக்கத்தில் இருக்கிறது.

மேக்ஸிமம் கெப்பாசிட்டி என்ற வரியை மட்டும் பொருட்படுத்த வேண்டாம். அது பயாஸ் எழுதியவர் நிரப்பிய எண். பல போர்டுகளில் தவறாக இருக்கும். டு பி ஃபில்டு பை ஓஇஎம் என்று நிரப்பாமலே விட்டுவிட்ட போர்டுகள் ஏராளம் என்பதிலிருந்தே அந்த அட்டவணையின் யோக்கியதை தெரியும். ராம் எவ்வளவு ஏற்றலாம் என்பதைப் பிராசஸர், மதர்போர்டு தயாரிப்பாளரின் விவரப் பக்கங்களில் பார்த்துக்கொள்ளுங்கள். ராஸ்பெரி பை போன்ற சிறு போர்டுகளில் இந்த அட்டவணையே கிடையாது, கட்டளை ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடும். அங்கே ‘கேட் /பிராக்/டிவைஸ்-ட்ரீ/மாடல்’ போர்டின் பெயரைச் சொல்லும்.

ஸ்வாப்பில் ஓரிரு ஜிபி நிரம்பியிருப்பது மட்டுமே நோய்க்குறி ஆகாது. நாள்கணக்கில் தொடாத பக்கங்களை அங்கே தள்ளிவிட்டுச் சும்மா இருக்கலாம். போக்குவரத்து நடக்கிறதா என்பதுதான் கேள்வி. ‘விஎம்ஸ்டாட் 1 5’ கொடுத்தால் நொடிக்கு ஒன்றாக ஐந்து வரி வரும். எஸ்ஐ, எஸ்ஓ என்ற பத்திகள் ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவதும் வெளியே போவதும். முதல் வரியைத் தள்ளிவிடுங்கள், அது கணினியைத் தொடங்கியதிலிருந்தான சராசரி. மீதி வரிகளில் இரண்டு பத்தியும் தொடர்ந்து நூற்றுக்கணக்கில் ஓடினால் ராம் உண்மையிலேயே போதவில்லை.

டிஸ்க்

‘எல்எஸ்பிஎல்கே’, அதாவது லிஸ்ட் பிளாக். எந்த டிஸ்க், அதில் எந்தப் பகிர்வு (பார்ட்டிஷன்), எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதை மரம்போல வரைந்து காட்டும். 1 டிபி வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது என்ற புகாருக்கு விடை எளிது: தயாரிப்பாளர் 1000-ஆல் எண்ணுகிறார், கருவி 1024-ஆல் எண்ணுகிறது. 500 ஜிபி டிஸ்க் 465 என்று தெரிவதும் இப்படித்தான். ‘எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,ரோட்டா,மாடல்’ என்று கொடுத்தால் ரோட்டா பத்தியில் 1 இருந்தால் சுழலும் ஹார்ட் டிஸ்க், 0 இருந்தால் எஸ்எஸ்டி. ரோட்டா என்பது ஆர், ஓ, டி, ஏ நான்கு எழுத்து, ரொட்டேஷனின் தொடக்கம். காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால் கட்டளை உடைந்துவிடும். யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் எஸ்எஸ்டி சிலசமயம் 1 என்று பொய் சொல்லும், நடுவில் இருக்கும் சிப் உண்மையைக் கடத்துவதில்லை.

இடம் எவ்வளவு மிச்சம் என்பதற்கு ‘டிஎஃப் -எச்’, டிஸ்க் ஃப்ரீ. இதில் டிஎம்பிஎஃப்எஸ், லூப் என்று வரும் வரிகளை விட்டுவிட்டு, மவுண்டட் ஆன் பத்தியில் தனிச் சாய்கோடு உள்ள வரியைப் பாருங்கள்; அதுதான் முதன்மைப் பகிர்வு. லூப் வரிகள் ஸ்னாப் (உபுண்டுவின் மென்பொருள் வடிவம்) தொகுப்புகளாக இருந்தால் எப்போதும் 100 சதவீதம் என்றுதான் இருக்கும், அது சரியே.

இடம் இருப்பதாக டிஎஃப் சொல்கிறது, ஆனால் கோப்பு எழுதும்போது இடமில்லை என்று பிழை வருகிறது. இதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று.

ஐநோடு, அதாவது ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்றாகத் தேவைப்படும் பதிவு, தீர்ந்திருக்கலாம். எக்ஸ்ட்4 வகைக் கோப்பு முறைமை உருவாகும்போதே எத்தனை கோப்புகள் வைக்கலாம் என்பது தீர்மானமாகிவிடுகிறது. இயல்பாக 16 கேபிக்கு ஒன்று என்ற கணக்கு. லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகளைக் கொட்டும் நிரல் இருந்தால், இடம் மிச்சமிருக்கும்போதே எண்ணிக்கை தீர்ந்துபோகும். ‘டிஎஃப் -ஐ’ கொடுத்தால் 100 சதவீதம் நிற்பது தெரியும். மின்னஞ்சல் வரிசை, இணையதளத்தின் செஷன் கோப்புறை இரண்டும் வழக்கமான குற்றவாளிகள்.

அடுத்தது ரூட் எனப்படும் நிர்வாகிப் பயனருக்கு ஒதுக்கிய 5 சதவீதம். எக்ஸ்ட்4 இதைச் சாதாரணப் பயனருக்குத் தராது. யூஸ்டும் அவைலும் கூட்டினால் சைஸ் வராததற்கு இதுவே காரணம். முதன்மைப் பகிர்வில் இந்த ஒதுக்கீடு இருக்கட்டும், நெருக்கடியில் உள்ளே நுழைய உதவும். வெறும் தரவுக்கான 1 டிபி டிஸ்க்கில் 50 ஜிபி சும்மா போகிறது என்றால் ‘சூடோ ட்யூன்2எஃப்எஸ் -எம் 1’ என்பதோடு பகிர்வின் பாதையைக் கொடுத்து 1 சதவீதமாகக் குறைக்கலாம்.

மூன்றாவது சற்றே விசித்திரம். அழித்துவிட்டோம், ஆனால் ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்தே வைத்திருக்கிறது. கோப்புறையில் பெயர் இல்லை, டிஸ்க்கில் இடம் விடுபடவில்லை. ‘டியூ’, அதாவது டிஸ்க் யூசேஜ், கோப்புறைகளைக் கூட்டிச் சொல்வது 40 ஜிபி. டிஎஃப் சொல்வது 90 ஜிபி என்று பெரிய இடைவெளி இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். ‘சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1’, இதில் கூட்டல் குறிக்குப் பின் வரும் எல் பெரிய எழுத்து. அழிக்கப்பட்டும் உயிரோடிருக்கும் கோப்புகளும் அவற்றைப் பிடித்திருக்கும் நிரல்களும் வரிசையாக வரும். அந்த நிரலை மறுதொடக்கம் செய்தால் இடம் உடனே திரும்பும். ஓடுகிற சர்வரின் பெரிய லாக் கோப்பை அழித்தவர்கள்தான் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள்.

டிஸ்க்கின் உடல்நலத்துக்கு ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பை நிறுவி ‘சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ’ கொடுங்கள். சிடிஎல் என்பது கன்ட்ரோலின் சுருக்கம், டெவ் டிவைஸின் சுருக்கம், எஸ்டிஏ-வில் நடு எழுத்து டிஸ்க்கின் டி. என்விஎம்இ வகை எஸ்எஸ்டியானால் ‘/டெவ்/என்விஎம்இ0’. யூஎஸ்பி பெட்டியில் இருந்து பதில் வராவிட்டால் நடுவில் ‘-டி சாட்’ சேர்த்துப் பாருங்கள், டிவைஸின் டி, பிறகு எஸ், ஏ, டி. கடைசி எழுத்து டாப்பில் வரும் டி.

மேலே பாஸ்டு என்று வருவதைக் கண்டு நிம்மதி அடைய வேண்டாம். தயாரிப்பாளர் வைத்த வரம்பைத் தாண்டாதவரை அது பாஸ்டுதான். தாண்டுவதற்கு முன்பே செத்த டிஸ்க்குகள் எவ்வளவோ. ஹார்ட் டிஸ்க்கில் 5, 197, 198 என்ற மூன்று வரிசை எண்களின் ரா வேல்யூ பத்தியைப் பாருங்கள். 5 என்பது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்), 197 படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை, 198 திருத்த முடியாதவை. மூன்றும் 0 ஆக இருக்க வேண்டும். 5-இல் சிறிய எண் இருந்து மாதக்கணக்கில் மாறாமல் நின்றால் பொறுக்கலாம். 197 ஏறிக்கொண்டே போனால் முதலில் நகல் எடுங்கள், பிறகு மற்ற சோதனை. 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கின்மீது பழி போடாதீர்கள்: அது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே தரவு சிதைந்த எண்ணிக்கை, சாட்டா கேபிளை மாற்றினால் நின்றுவிடும். ஏறிய எண் இறங்காது, மேலும் ஏறாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

என்விஎம்இ-யில் பெர்சன்டேஜ் யூஸ்டு என்ற வரி எழுத்து ஆயுளில் எவ்வளவு தீர்ந்தது என்பதன் மதிப்பீடு. 100-ஐத் தாண்டியும் போகும், தாண்டிய நொடியில் நின்றுவிடாது. மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ் வரி 0 இல்லையென்றால் அதுதான் அவசரம்.

கார்டுகள், நெட்வொர்க், பதிவுகள்

வைஃபை வேலை செய்யவில்லை என்றால் ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’. ஒவ்வொரு கார்டுக்கும் கீழே கெர்னல் டிரைவர் இன் யூஸ் என்ற வரி இருக்கும். அந்த வரி இல்லாத கார்டுக்கு டிரைவர் ஏறவில்லை. சதுர அடைப்புக்குள் நான்கு நான்கு இலக்கமாக வரும் எண்தான் கார்டின் உண்மையான அடையாளம்: 8086 இன்டெல், 10டிஇ என்விடியா, 1002 ஏஎம்டி, 14இ4 பிராட்காம், 10இசி ரியல்டெக். உதவி தேடும்போது பெயரைவிட இந்த எண்ணைத் தேடுவது மேல். பட்டியலிலேயே கார்டு இல்லை என்றால் யூஎஸ்பி வழியாக இணைந்திருக்கலாம், ‘எல்எஸ்யூஎஸ்பி’ பாருங்கள்.

நெட்வொர்க் முகவரிக்கு ‘ஐபி -பிஆர் ஏ’. பிஆர் என்பது ப்ரீஃப். ஒரு வரிக்கு ஒரு இடைமுகம், அதன் நிலை, முகவரி. கேபிள் இணைப்பு மெதுவாக இருந்தால் ‘சூடோ ஈத்டூல்’ என்பதோடு இடைமுகத்தின் பெயரைச் சேர்த்துக் கொடுங்கள். ஈத் என்பது ஈத்தர்நெட்டின் முதல் மூன்று எழுத்து. ஸ்பீடு 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று நின்றால் கேபிள்தான் முதல் சந்தேகம். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும், 1000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100-க்குத் தேவைப்படாத ஜோடிகளில் ஒரு கம்பி விட்டுப்போனால் பெரும்பாலும் இணைப்பு அறுவதில்லை, கீழே இறங்கி வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் யாருக்கும் தெரியாமல் போகிறது.

கெர்னலின் பதிவுகளை ‘ஜர்னல்சிடிஎல் -கே -பி’ என்று தொடங்கிப் பார்க்கலாம். இந்தப் பி பூட்டின் முதலெழுத்து. திடீரென்று அணைந்து மீண்டு வந்த கணினியில் அதே கட்டளைக்குக் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு -1 சேருங்கள், முந்தைய ஓட்டத்தின் பதிவு வரும். நினைவகம் தீர்ந்து கெர்னல் ஒரு நிரலைக் கொன்றிருந்தால் அவுட் ஆஃப் மெமரி என்ற வரி அங்கே கிடைக்கும். ஐ/ஓ எரர் என்று டிஸ்க் பெயரோடு வரிகள் இருந்தால் மேலே சொன்ன ஸ்மார்ட் சோதனைக்குப் போங்கள். எதுவுமே இல்லாமல் பதிவு பாதியில் அறுந்து நின்றால் மின்சாரம், பவர் சப்ளை, வெப்பம். கெர்னலுக்கு எழுதக்கூட நேரம் கிடைக்கவில்லை.

விண்டோஸிலும் மேக்கிலும்

விண்டோஸில் ‘சிஸ்டம்இன்ஃபோ’ ஒரே கட்டளையில் பெரும்பாலானதைச் சொல்லிவிடும். பதிப்பு 10.0 என்று தொடங்குவதைப் பார்த்து விண்டோஸ் 10 என்று நினைக்க வேண்டாம்; அடுத்து வரும் பில்டு எண் 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால் விண்டோஸ் 11. சிஸ்டம் பூட் டைம் பல நாள் முந்தியதாக இருக்கிறதே, தினமும் அணைக்கிறேனே என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணம். ஷட்டவுன் கொடுத்தாலும் அது கெர்னலை உறங்க வைத்து டிஸ்க்கில் சேமிக்கிறது. முழுதாகத் தொடங்க ரீஸ்டார்ட்தான் வழி.

பழைய வழிகாட்டிகள் சொல்லும் டபிள்யூஎம்ஐசி கட்டளை விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் தானாக இருப்பதில்லை. பவர்ஷெல்லில் ‘கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் வின்32_ஃபிசிக்கல்மெமரி’ ராம் குச்சிகளைத் தனித்தனியாகக் காட்டும். ‘கெட்-ஃபிசிக்கல்டிஸ்க்’ டிஸ்க்கின் வகையையும் நலத்தையும். பவர்ஷெல் சிறிய, பெரிய எழுத்தைப் பொருட்படுத்தாது. மடிக்கணினிக்கு ‘பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட்’: டிசைன் கெப்பாசிட்டியையும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியையும் ஒப்பிட்டால் பேட்டரி எவ்வளவு தேய்ந்தது என்பது தெரியும். அறிக்கை நீங்கள் நிற்கும் கோப்புறையில்தான் சேமிக்கப்படும். நிர்வாகி ஜன்னலில் கொடுத்துவிட்டு ஆவணங்கள் கோப்புறையில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், அது சிஸ்டம்32-க்குள் கிடக்கும்.

மேக்கில் ‘எஸ்டபிள்யூ_வெர்ஸ்’ பதிப்பைச் சொல்லும். வெர்ஸ் என்பது வெர்ஷன் என்பதன் முதல் மூன்று எழுத்தும் ஒரு எஸ்ஸும். டிஎஃப்பில் பல வரிகள் ஒரே மிச்ச இடத்தைக் காட்டினால் கூட்டிவிடாதீர்கள், ஏபிஎஃப்எஸ் முறையில் எல்லாத் தொகுதிகளும் ஒரே குளத்தைப் பகிர்கின்றன. ஆப்பிள் சிப் உள்ள மேக்கில் யூநேம் -எம் எக்ஸ்86_64 என்று சொன்னால் டெர்மினல் ரொசெட்டா (இன்டெல் நிரல்களை ஆப்பிள் சிப்பில் ஓட்டும் மொழிபெயர்ப்பு அடுக்கு) வழியாகத் திறந்திருக்கிறது.

வெளியீட்டைப் பிறரிடம் தரும்போது

எந்தக் கட்டளைக்குப் பின்னும் > என்ற குறியும் ஒரு கோப்புப் பெயரும் கொடுத்தால் வெளியீடு திரைக்கு வராமல் கோப்புக்குப் போகும். திரையைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்புவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். உதவ வருபவர் எண்களைத் தேடவும் நகலெடுக்கவும் முடியும். அனுப்புவதற்கு முன் கோப்பைத் திறந்து சீரியல் எண், யூயூஐடி என்ற நீளமான அடையாள எண், நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி, பயனர் பெயர் ஆகியவற்றை நீக்குங்கள். டிஎம்ஐடிகோடும் ஸ்மார்ட்சிடிஎல்லும் சீரியல் எண்ணை எப்போதும் வெளியிடும். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வேண்டுமானால் இன்க்ஸி என்ற கருவியை நிறுவி ‘இன்க்ஸி -எஃப்இசட்’ கொடுங்கள். எஃப் பெரிய எழுத்து, இசட் சிறியது. கட்டளையின் பெயர் ஐ, என், எக்ஸ், ஐ என்ற நான்கு எழுத்து. அந்த இசட்தான் அடையாள எண்களை மறைக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.